நல்ல நாளில் ஒரு கெட்ட வார்த்தை

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் நாம் எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? ஹாலில் நின்று சீலிங்கை அண்ணாந்து பார்ப்போம். பூஜை அறைக் கதவில் தொங்கும் மணிகளை ஒரு தட்டுத் தட்டுவோம். அடுக்களை மேடை கிரானைட்டைத் தடவுவோம். கடைசியாக, வீட்டுக்காரர் பெருமையோடு திறந்துகாட்டும் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்து, ‘அடேயப்பா, டைல்ஸ் நல்லா இருக்கே!’ என்போம். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

2022 தை மாதத்தில், கடலூர் செம்மண்டலத்தில் என் நண்பன் கட்டிய வீட்டில் நானும் அதையேதான் செய்தேன். ஒரே ஒரு வித்தியாசம். பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஐந்தடிக்கு ஏழடி அறை. சுவரில் வெள்ளை வெளேரென்று புத்தம்புது கேஸ் கீசர். அதன் தலையில் எரிந்த காற்று வெளியே வருவதற்கான திறப்பு. அந்தத் திறப்பிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அது அறையைப் பார்த்தே வாயைத் திறந்துகொண்டிருந்தது. மேலே சின்னதாக ஒரு வென்டிலேட்டர். அதன் கண்ணாடிப் பட்டைகளின் மேல் உள்பக்கமாகப் பிளாஸ்டிக் ஷீட்டை அளவெடுத்து வெட்டி, நான்கு ஓரமும் நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

‘‘கொசுடா. சாயங்காலம் ஆனா உள்ள நிக்க முடியாது’’ என்றான் நண்பன்.

கதவும் தரையோடு இழைந்து, ஓர் இழை இடைவெளிகூட இல்லாமல் மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் கதவு.

‘‘கரன்ட் கீசர் வாங்கலையா?’’ என்று மெல்லக் கேட்டேன்.

‘‘தானே புயலுக்கப்புறம் கரன்ட்டை எவன்டா நம்புவான்?’’

அவன் சொன்னது நியாயம்தான். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூரில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் கிடையாது. அடுத்த வருடம் தமிழ்நாடு முழுக்கவே மின்வெட்டு பின்னி எடுத்தது. அந்த நாட்களை அனுபவித்தவனுக்கு இரண்டு பேட்டரி செல் போட்டால் சுடுதண்ணீர் கொட்டுகிற இயந்திரம் தெய்வமாகத்தான் தெரியும்.

சரி, எனக்கு ஏன் வயிற்றைப் பிசைந்தது? ஏனென்றால் எனக்குத் தெரியும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூருக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்களில் 8 பேர், குளிருக்காக கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஜன்னலையும் கதவையும் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு ஒரே அறையில் தூங்கினார்கள். காலையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த எட்டில் நான்கு குழந்தைகள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாரம் இதைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

தெரிந்தும் என்ன செய்தேன்? வாயைத் திறந்தேன். பக்கத்தில் நண்பனின் அம்மா, கையில் குங்குமச் சிமிழோடு, புடவை சலசலக்க, அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகச் சொந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் நின்று, ‘இந்த ரூமில் குளித்தால் செத்துப்போவீர்கள்’ என்று எப்படிச் சொல்வது? நல்ல நாளும் அதுவுமாக! ‘அச்சானியமா பேசாதே’ என்று சின்ன வயதில் வாங்கிய கொட்டுகளெல்லாம் மண்டையில் வலித்தன.

‘‘நல்லா இருக்குடா’’ என்றேன். பந்தியில் போய் உட்கார்ந்தேன். பால் பாயசம். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

*

அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லிவிட வேண்டும். அன்று சொல்லாததற்கு இன்றாவது.

கேஸ் நன்றாக எரிந்தால் வருவது கரியமில வாயுவும் நீராவியும். பிராணவாயு போதாமல் அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. கீசரின் பர்னர் அடுக்களை அடுப்பு மாதிரி இல்லை. ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுடவைக்க வேண்டுமல்லவா? அதனால் சாதாரண அடுப்பைப்போல நாலைந்து மடங்கு வேகத்தில் கேஸைக் குடிக்கும். ஒரு கிலோ கேஸ் எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு, ஒன்பதடி உயர அறையில் இருக்கிற மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த இடுக்கும் இல்லாமல் மூடிய அறையில் கீசரை இருபது நிமிடம் ஓடவிட்டால், அறையில் உள்ள பிராணவாயுவில் கிட்டத்தட்டப் பாதியை அதுவே கேட்கும். நீங்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். பிராணவாயு குறையக் குறையத் தீ அரைகுறையாக எரியும். விஷவாயு கூடும்.

நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்துபோகிற ஹீமோகுளோபினுக்கு இந்த விஷவாயு மேல் அப்படியொரு பிரியம். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். பண்டிகைக் கூட்டத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எல்லா சீட்டையும் ஒருவன் பிடித்துவிட்டால், டிக்கெட் எடுத்தவர்கள் நிற்க வேண்டியதுதான். பஸ் ஓடும். ஆனால், போய்ச் சேர வேண்டியவர் போய்ச் சேரமாட்டார்.

இதில் மிகக் கொடுமையான விஷயம், அதற்கு நிறமில்லை, வாடையில்லை, கண் எரியாது, இருமல் வராது. லேசாகத் தலை வலிக்கும். கிறுகிறுக்கும். குமட்டும். ‘வெறும் வயித்துல குளிச்சது’ என்று நினைத்துக்கொள்வோம். அடுத்து கால் துவளும். எட்டிப் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கலாம் என்று தோன்றும்போது கை வராது.

நம் பாட்டி காலத்து வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. செப்புப் பாய்லரில் கரி போட்டார்கள் என்றால் அதுவும் கிணற்றடியிலோ தாழ்வாரத்திலோ நின்றது. அவர்கள் ரசாயனம் படித்தவர்கள் இல்லை. புகை கண்ணைக் கரித்தது, அதனால் வெளியே வைத்தார்கள். புகைதான் அவர்களுக்கு வாத்தியார். நம் நீல நிறத் தீயில் புகை இல்லை. அது ‘சுத்தமானது’ என்று நம்பி, வாத்தியார் இல்லாத வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

*

அதே வருடம் மார்கழியில் போன் வந்தது. நண்பனின் மகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், விடியற்காலையில் தலைக்குக் குளிக்கப் போனவள் வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. நண்பன் தோளால் இடித்துக் கதவை உடைத்திருக்கிறான். தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ‘சாப்பிடாமல் மயக்கம்’ என்றார்கள். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது. அந்தக் கருவி இந்த விஷயத்தில் ஏமாந்துபோகும். ஹீமோகுளோபின் சுமப்பது பிராணவாயுவா, விஷவாயுவா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அடுத்து ‘வலிப்பு’ என்று ஒரு சந்தேகம். தென்னிந்தியாவில் தலையில் வெந்நீர் ஊற்றும்போது வருகிற ஒரு வகை வலிப்பு உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைப் பற்றிப் பல வருடங்களாக எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் விழுந்தவரைப் பார்த்தால் அந்த நினைப்பு வருவது இயல்பு. நல்லவேளையாக, டியூட்டியில் இருந்த ஓர் இளம் டாக்டர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்: ‘‘வீட்டுல கேஸ் கீசரா?’’

முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்ஸிஜனில் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. பெண் பிழைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் தலைவலியும் மறதியும் இருந்தன. இப்போது நன்றாக இருக்கிறாள்.

எனக்குத்தான் அதற்கப்புறம் சரியில்லாமல் போயிற்று.

*

இந்த விபத்துக்கு யார் பொறுப்பு? ராத்திரி தூக்கம் வராமல் ஒரு பட்டியல் போட்டேன்.

கீசர் விற்ற கடைக்காரர் குழாய் பற்றிச் சொல்லவில்லை. மாட்டிய பிளம்பரை நானே போய்க் கேட்டேன். ‘‘பைப்பு வெளிய விடணும்னு தெரியும் சார். புது டைல்ஸ உடைக்கணும். ஓனர் ஒத்துக்குவாரா? அவரும் கேக்கல, நானும் சொல்லல’’ என்றார். கொத்தனார் வென்டிலேட்டரைச் சின்னதாக வைத்தார். நண்பன் அதையும் அடைத்தான். அடைக்கச் சொன்னது அவன் மனைவி. கதவு இறுக்கமாக இருக்கட்டும் என்றது அம்மா.

ஆளுக்கு ஒரு துளி. யாருக்கும் முழு விஷயம் தெரியாது. கொத்தனாருக்குக் கீசர் வரப்போவது தெரியாது. கடைக்காரருக்கு ஜன்னல் அடைபடப்போவது தெரியாது. ஆறு துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இது ஒரு பொறி என்று புரிந்துகொண்ட ஆள் ஒரே ஒருத்தன்தான். அவன் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உடனே மனசு வக்கீல் வைத்துக்கொண்டது. ‘நீயா மாட்டினாய்? நீயா அடைத்தாய்? நீ ஒன்றுமே செய்யவில்லையே!’ என்றது. ஒன்றும் செய்யவில்லை, உண்மைதான். அதுதான் குற்றச்சாட்டே. ‘பொறுப்பு ஏழு பேருக்கு உண்டு, உன் பங்கு ஏழில் ஒன்று’ என்று அடுத்த வாதம். சொத்து பாகம் பிரித்தால் குறையும். பொறுப்பு அப்படிக் குறைவதில்லை. அந்தப் பெண் பிழைக்காமல் போயிருந்தால் ஏழில் ஒரு பங்கா செத்திருப்பாள்?

ஒரு வாரம் கழித்துச் செம்மண்டலம் போனேன். ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். சொல்லிவிட்டேன். ‘‘எனக்கு அன்னிக்கே தெரியும்டா. பார்த்ததுமே தெரியும். நல்ல நாள் அதுவுமா எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.’’

நண்பன் ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி, ‘‘ஏண்ணே...’’ என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். அம்மாதான் பேசினார்.

‘‘அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்களத் திட்டியிருப்பேன் தம்பி. அச்சானியம் புடிச்ச வாய்னு சொல்லியிருப்பேன். ஒரு வருசம் பேசியிருக்க மாட்டேன்.’’ கொஞ்சம் நிறுத்தினார். ‘‘திட்டு வாங்கியிருக்கலாமே தம்பி?’’

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

*

நாம் மரியாதை என்று சொல்வதில் பாதி, திட்டு வாங்குகிற பயம்தானோ என்று அப்போதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். பிறர் மனசு நோகக் கூடாது என்று நான் வாயை மூடியதாக நினைத்தேன். உண்மையில் என்னைப் பற்றிய அபிப்பிராயம் நோகக் கூடாது என்றுதான் மூடியிருக்கிறேன்.

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா கதை தெரியுமா? 1898-ல், செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி டிரைஃபஸுக்காக, ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்று நாட்டின் ஜனாதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதிய மனிதர். ஊரே எதிர்த்தபோதும் வாயை மூடாதவர். 1902 செப்டம்பரில் ஒரு ராத்திரி, பாரிஸ் வீட்டில், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கணப்பு மூட்டிய படுக்கையறையில் தூங்கினார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. நடு ராத்திரியில் மனைவிக்குத் தலைவலி, குமட்டல். அவருக்கும் சரியில்லை. வேலைக்காரர்களை எழுப்பலாமா என்று மனைவி கேட்க, இந்த நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்வானேன், காலையில் சரியாகிவிடும் என்றாராம். காலையில் மனைவி மட்டும்தான் பிழைத்திருந்தார். அரசாங்கத்தையே தட்டி எழுப்பியவர், சொந்த வீட்டு வேலைக்காரர்களை எழுப்பக் கூச்சப்பட்டார். பெரிய விஷயத்துக்கு வாய் திறப்பவனுக்குக்கூடச் சின்ன விஷயத்தில் வாய் வருவதில்லை.

‘அதற்காக, போகிற வீட்டிலெல்லாம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்பார், பெயின்ட் கலர் கண்ணைக் குத்துகிறது என்பார், தெற்குப் பார்த்த வாசலா என்று உச்சுக்கொட்டுவார். அவர் வருகிறார் என்றாலே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். அந்த மாமாவாக மாறச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது? எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோலைச் சொல்கிறேன். அவர்களே கண்டுபிடிக்க முடியுமா? பெயின்ட் கலர் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே அவர்களுக்குத் தெரியும். படி செங்குத்து என்று முழங்கால் சொல்லும். அதற்கெல்லாம் நாம் வேண்டியதில்லை. ஆனால், கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஆபத்து, தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது என்றால், அங்கே நாம் பேசியே ஆக வேண்டும். ஏனென்றால், வேறு எதுவும் பேசாது.

உங்கள் அடுக்களை சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாகக் கசிந்தாலும் ‘கேஸ் வாடை அடிக்குது’ என்கிறோம். அந்த வாடை கேஸுடையது இல்லை. எரிவாயுவுக்கு இயற்கையில் அப்படி நாற்றம் கிடையாது. எத்தில் மெர்கேப்டன் என்ற ரசாயனத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாடையில்லாத கேஸ் கசிந்து தேங்கியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி. கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் கேஸில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. மெல்ல மெல்ல உலகமெங்கும் அந்த வழக்கம் பரவியது. கரப்பான் அடிக்கும் மருந்துக்குக்கூட ரோஜா வாசனை சேர்க்கிற உலகத்தில், மனிதன் யோசித்து, செலவு செய்து, ஒரு துர்நாற்றத்தைச் சேர்த்தான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில், நடு ராத்திரியில், அது வாயைத் திறந்து கத்த வேண்டும் என்பதற்காக.

கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்கள் 2004 வாக்கில் ஒரு காரியம் செய்தார்கள். ராத்திரியில் காற்றில் என்ன வாடை வருகிறது, எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து என்று நோட்டுப் போட்டுக் குறித்தார்கள். இது அழுகிய முட்டை, இது நெயில் பாலிஷ் என்று மூக்கால் பிரித்து எழுதினார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ‘நமக்குத் தெரிகிறது, நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்’ என்பது மட்டும் தெரிந்தவர்கள். அதே ஊரில், எல்லாம் படித்த நான், ஒரு பாத்ரூமுக்கு முன்னால் ஊமையாக நின்றேன்.

கார்பன் மோனாக்ஸைடு தீ எரிகிற இடத்திலேயே பிறப்பது. அதில் முன்கூட்டியே யாரும் மெர்கேப்டன் கலக்க முடியாது. அதற்கு வாடையாக இருக்க வேண்டியது, தெரிந்தவன் வாய்தான். நல்ல நாளில் கொஞ்சம் நாறினாலும் பரவாயில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று பந்தி நேரத்தில் நான் சொல்லாததைக்கூட மன்னித்துவிடலாம். குங்குமச் சிமிழோடு நிற்கும் ஒரு தாயிடம் அந்த நிமிடமே சாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் என்று ஒன்று இருந்ததே? ‘ஒரு விஷயம்டா, பிளம்பரைக் கூட்டிட்டு வரேன்’ என்று ஒரு போன். அதற்கு எந்த நல்ல நேரமும் பார்க்க வேண்டியதில்லை. பதினோரு மாதம் இருந்தது. ‘அடுத்த தடவை நேரில் பார்க்கும்போது’ என்று தள்ளித் தள்ளி, கடைசியில் எனக்கே மறந்துபோனது. என் குற்றம் அந்த ஒரு நாளில் இல்லை. அந்தப் பதினோரு மாதத்தில் இருக்கிறது.

அடுத்த மார்ச்சில், 2023 ஹோலி அன்று, டெல்லிக்குப் பக்கத்தில் முராத்நகரில் சாயம் பூசி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன ஒரு கணவனும் மனைவியும் பாத்ரூமிலேயே இறந்துகிடந்தார்கள், கேஸ் கீசர்தான் காரணம் என்று சந்தேகம், என்று பேப்பரில் வந்தது. வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்துவைத்தேன். அந்த வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்துபோயிருப்பார்கள். அதில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமோ?

*

பெண் தேறியதும், வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு சிதம்பரம் போனார்கள். என்னையும் அழைத்தார்கள். அழைத்ததே பெரிது. சிற்சபையில் திரையை விலக்கிக் காட்டினார்கள். ரகசியம். தொங்கும் தங்க வில்வ மாலைகள், பின்னால் வெறும் வெளி.

பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்குக் காஞ்சிபுரம், நீருக்குத் திருவானைக்கா, நெருப்புக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குக் காளஹஸ்தி, ஆகாயத்துக்குச் சிதம்பரம் என்பார்கள். எனக்கு அந்த இடத்தில் பாத்ரூம் ஞாபகம்தான் வந்தது, சாமி மன்னிக்கட்டும். நெருப்பையும் நீரையும் பைப் போட்டு வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டோம். காற்றையும் ஆகாயத்தையும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வெளியே நிறுத்திவிட்டோம். வெற்றிடத்தைக் கும்பிட நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் வந்திருக்கிறோம். வீட்டில் ஒரு சாண் வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது செம்மண்டலத்து வீட்டில் கீசர் பாத்ரூமில் இல்லை. பின்பக்கம் திறந்த வராந்தாவில், மழைச்சாரல் படாமல் மாட்டியிருக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வருகிறது. இதுதான் முதல் வழி, இதைவிடச் சிறந்த வழி இல்லை. வெளியே மாட்ட இடமே இல்லாதவர்கள், எரிந்த காற்று போகத் தலையிலிருந்து சுவருக்கு வெளியே ஒரு குழாய், புதுக் காற்று வரத் தரையோரம் ஒரு திறப்பு, மேலே மூடாத ஒரு வென்டிலேட்டர், மூன்றும் வைக்க வேண்டும். வெறும் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் இழுத்தால், குழாய் வழியாகப் போக வேண்டிய நச்சுக் காற்றையே அது திரும்ப உள்ளே இழுத்துவிடும். இதெல்லாம் முடிகிறவரை, கதவைத் திறந்துவைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்துவிட்டு, அப்புறம் கதவைச் சாத்திக் குளியுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குளித்துவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் தலைவலி என்றால், சந்தேகப்படுங்கள். யாராவது விழுந்துவிட்டால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், ‘வீட்டில் கேஸ் கீசர்’ என்று நீங்களே சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் ஷீட்டை நண்பன் கையாலேயே கிழித்தான். போன மாதம் போயிருந்தபோது அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

‘‘பாத்ரூம் ஜன்னலைத் தொறந்துவெச்சதுலேர்ந்து ஒரே கொசு தம்பி. ராத்திரி கடிச்சு எடுக்குது.’’

‘‘வலை அடிச்சுடலாமேம்மா. காத்தும் வரும், கொசுவும் வராது’’ என்றேன்.

‘‘இதச் சொல்லத்தான் இவ்ளோ நாளா?’’ என்றார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் வலை வாங்கிவந்தேன்.